லுவான் அத்தையின் இலவசக் குளியல்

கெங் ருய்யைப் பார்த்து யாராவது "நீ எவ்ளோ தைரியசாலி!" என்று சொல்லிவிட்டால் போதும், அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். அதைச் சிரிப்பு என்று நினைத்து ஏமாந்தவர்கள் சீனாவின் வடகிழக்கில், அன்ஷான் எஃகு ஆலைக் குடியிருப்பில் பலர் உண்டு. நிலத்தடிக் கடைத்தெருவில் கைப்பேசிக்குக் கண்ணாடி மாற்றும் கடை வைத்திருந்தாள். இடது கால் சொந்தக் கால். வலது கால் முழங்காலுக்கு மேலேயிருந்து பிளாஸ்டிக்கும் இரும்பும். தைரியத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அறுத்தவர் மருத்துவர். அவள் மயக்கத்தில் படுத்துக்கிடந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

பதினாறு வயதில் முழங்கால் வலித்தது. ஓடப் பயந்து நடிக்கிறாள் என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். வளர்கிற வயசு, எலும்பு நோகத்தான் செய்யும் என்றாள் அம்மா. எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தபோது மாதங்கள் ஓடிப்போயிருந்தன. அப்பா முன்பே வேறொருத்தியோடு கடலோர ஊருக்குப் போய்விட்டவர். ஒரு தடவை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, வார்டு வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார். பழம் புளித்தது.

காலை எடுத்து, ஒரு வருடம் மருந்து ஏற்றி, மொட்டைத் தலையோடு ருய் வீட்டுக்கு வந்தாள். வருடக் கடைசி வந்தது. பழைய வருடத்து அழுக்கோடு புது வருடத்துக்குள் போகக் கூடாது என்பது எங்கள் வடகிழக்கில் எழுதாத சட்டம். குளியலகத்துக்குப் போய் வெந்நீர்த் தொட்டியில் ஊறி, முதுகு சிவக்கச் சிவக்க அழுக்குத் தேய்த்துக்கொண்டு வந்தால்தான் பண்டிகை. அம்மா கூடையில் துண்டும் சோப்பும் வைத்துக்கொண்டு, ஊன்றுகோலில் வந்த மகளைத் தெருமுனைக் குளியலகத்துக்குக் கூட்டிப்போனாள். அதன் முதலாளி லுவான், அம்மாவோடு ஒரே பள்ளியில் படித்தவள். அவள் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, அம்மாவை மட்டும் தனியே இழுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காத. உள்ள சின்னப் பிள்ளைங்க இருக்கு, பாத்தா பயந்துரும். தொத்துற நோவு இல்லன்னு எனக்குத் தெரியும். வர்றவங்களுக்குத் தெரியணுமே!"

அம்மா தலையாட்டினாள். அவளுக்கு எதற்கும் தலையாட்டித்தான் பழக்கம். இருவரும் பனியில் திரும்பி நடந்தார்கள். அன்றிலிருந்து ருய் குளித்தது அலமாரி அளவு குளியலறையில், அரை வெந்நீரில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து. லுவான் அத்தையும் வழியில் பார்த்தால் ஏதோ கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வாள்.

இப்படி எட்டு வருடம் போனது. ஒன்பதாவது குளிர்காலத்தில் ஒரு படம் வந்தது.

புற்றுநோய் வந்த ஒரு பையனும் பெண்ணும் காதலிக்கும் படம். ஊரே பார்த்தது; பார்த்து முடித்தவர்கள் வீங்கிய கண்ணோடு அடுத்தவரையும் இழுத்துக்கொண்டு மறுபடி போனார்கள். அம்மா கெஞ்சிக் கூத்தாடி ருய்யையும் கூட்டிப்போனாள். அரங்க வாசலில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கல்யாண விருந்தில் கிண்ணமும் குச்சியும் வைக்கிற மாதிரி அழுகைக்கு முன்னேற்பாடு.

திரையில் அந்தப் பெண் மொட்டை அடித்திருந்தாள். தலை உரித்தெடுத்த முட்டைபோல் வழவழவென்று அழகாக இருந்தது. மருந்து ஏறியவளுக்குத் தலைமுடி மட்டும் போய், புருவமும் இமைமுடியும் எப்படித் தங்கின என்று ருய் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தில் யாருக்கும் வாய்ப்புண் வரவில்லை. யாரும் வாந்திக் கிண்ணத்தோடு தூங்கவில்லை. ஐந்து நாள் மலம் இறங்காமல் யாரும் சுவரைப் பிறாண்டவில்லை. பெற்றவர்கள்கூடக் கோபப்படவில்லை, எல்லோரும் ஜன்னலோரமாய் நின்று மென்மையாகப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு பேரும் ஆம்புலன்ஸைத் திருடிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். விடிகிற நேரத்தில், உதட்டுச் சாயம் கலையாமல், பையன் மடியில் பெண் செத்துப்போனாள்.

அரங்கம் விம்மியது. ருய்க்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. பின்வரிசையிலிருந்து ஒரு கை நீண்டு அந்தத் தோளை இறுக்கிப் பிடித்தது.

"அழு கண்ணு, அழுதுரு. எவ்ளோ கஷ்டப்பட்டுட்டே நீ! எங்களுக்குத் தெரியாமப் போச்சே!"

திரும்பிப் பார்த்தாள். லுவான் அத்தை. மூக்கிலும் கண்ணிலும் நீர் ஓட, கன்னத்துப் பவுடர் கோடு கோடாக வழிந்திருந்தது. எட்டு வருடத்தில் அவள் ருய்யிடம் பேசிய முதல் வார்த்தை அது.

இரண்டு நாளில் குளியலகத்து வாசலில் சிவப்புத் துணி கட்டியாகிவிட்டது: 'புற்றுநோயோடு போராடும் இளம் வீரர்களுக்கு ஆண்டு முழுதும் இலவசக் குளியல்.' அத்தை அதன் கீழே நின்று ஒரு காணொளியும் எடுத்து ஊருக்கு விட்டாள். "எங்க தெருவுல ருய்னு ஒரு பொண்ணு. என் கண்ணு முன்னாடி வளர்ந்த குழந்தை. படத்தப் பாக்குறப்போ எனக்கு அவ முகந்தான் தெரிஞ்சுது" என்று சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே ஆயிரக்கணக்கில் இதயம் போட்டிருந்தார்கள். கடைக்கு வந்தவர்கள் உடைந்த கைப்பேசியிலேயே அதை ருய்க்குக் காட்டினார்கள்.

"விட்டுரு" என்றாள் அம்மா. "மனசு மாறிருச்சு போல. நல்லதுதான? பண்டிகை நேரத்துல சண்டை வேணாம்."

"யாரு சண்டை போடப்போறா? கூப்புட்டிருக்காங்க. போயிட்டு வருவோம்."

"தனியாவா?"

"வீரர்கள்னுதான எழுதியிருக்கு? ஒருத்தி போனா நல்லாவா இருக்கும்?"

ருய் நிங் ஷாவைக் கூப்பிட்டாள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள், நிணநீர்ப் புற்று, கழுத்திலிருந்து நெஞ்சுவரை தழும்பு, வாய் சாக்கடை. காணொளியைப் பார்த்ததும் அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"அடிப்பாவி, உன் தெருவுல இப்படி ஒரு புத்தர் இருக்காங்கன்னு சொல்லவே இல்லியே! எத்தன பேரு வேணும்?"

"புண்ணு ஆறினவங்க, ரத்தம் சரியா இருக்கறவங்க மட்டும். போற எடத்துல காய்ச்சல் வந்து செத்தீங்கன்னா, அதுக்கும் ஒரு படம் எடுத்துருவானுங்க."

பண்டிகைக்கு முந்தின நாள் மதியம், வருடத்திலேயே கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து, இரண்டு டாக்சியில் ருய்யும் நிங் ஷாவும் சேர்த்து ஐந்து பெண்கள் வந்து இறங்கினார்கள், பின்னாலேயே அம்மா. ஒருத்திக்கு ஒரு கண் இல்லை. ஒருத்திக்கு ஒரு மார்பு இல்லை. இன்னொருத்திக்குத் தலையில் புல் முளைத்த மாதிரி அப்போதுதான் முடி எட்டிப் பார்த்திருந்தது. கல்லாவில் இருந்த லுவான் அத்தைக்கு முதலில் வாய் மலர்ந்தது, பிறகு எண்ணிப் பார்த்து மூடிக்கொண்டது.

"இத்தன பேரா... இன்னிக்கேவா கண்ணு?"

"பழைய அழுக்கோட புது வருஷத்துக்குள்ள போகக் கூடாதுல்ல அத்தை?"

வாசலில் சிவப்புத் துணி காற்றில் படபடத்தது. அத்தை துணி வைக்கும் அலமாரிகளின் சாவி வளையங்களை எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளே நீராவி. தொட்டி நிறையப் பெண்கள் கழுத்துவரை முங்கி, படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆம்புலன்ஸ் கட்டத்தில் எனக்கு நெஞ்சே நின்றுபோச்சு என்றாள் ஒருத்தி. பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு, நிங் ஷாவின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளி ருய் வந்தாள். ஐந்து பேரும் தொட்டிக்குள் இறங்கினார்கள்.

யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் தண்ணீர் தானாக ஓடுவதுபோல் எல்லோரும் மறு ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். பிறகு ஒருத்திக்கு அடுப்பில் வைத்த பன்றிக்கால் ஞாபகம் வந்தது. ஒருத்திக்குத் தண்ணீர் இன்றைக்கு ரொம்பச் சூடு. "நீங்க தாராளமா இருங்கம்மா, எடம் வேணுமில்ல" என்று ஒருத்தி கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு, தன் பெண்ணின் முகத்தைத் துண்டால் மூடி இழுத்துக்கொண்டு போனாள். ஆம்புலன்ஸில் நெஞ்சு நின்றுபோனவளுக்கு இப்போது கால் நன்றாகவே ஓடியது.

நிங் ஷா ஆளில்லாத தண்ணீரில் கையை அடித்தாள்.

"படத்துல செத்தவளுக்காக அழுதாளுங்கடி. நாம சாகாம குளிக்க வந்துட்டோமேன்னு இவளுங்களுக்குக் கோவம்."

லுவான் அத்தை நீராவிக்குள் செருப்பு சரசரக்க வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். அந்தத் தாழ்ந்த குரலை ருய்க்கு நன்றாகத் தெரியும்.

"ருய்யி, தப்பா நெனைக்காத. பண்டிகை முடியட்டும், திங்கக்கிழமை காலைல கூட்டம் இருக்காது. உங்களுக்குன்னே தனியா தெறந்து வைக்கிறேன். நிம்மதியா குளிக்கலாம்."

"ஆண்டு முழுதும்னு எழுதியிருக்கே அத்தை?"

"எழுதறது வேற..."

"கைப்பேசி எங்க? எடுத்துட்டு வாங்க. அன்னிக்கு அழுதீங்களே, இப்போ அழுங்க பாப்போம். நாங்க அஞ்சு பேரும் பின்னாடி நிக்கிறோம், துணியில்லாம."

அத்தையின் முகம் வெந்த நண்டுபோல் ஆனது. "உனக்கு நன்றியே கெடையாது!" என்றாள், இந்தமுறை உரக்கவே. "உங்கம்மா மொகத்துக்காகப் பாத்தேன்!"

வாசலோரம் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். வழக்கப்படி அவள் தலையாட்டியிருக்க வேண்டும். ஆட்டவில்லை. "என் மொகத்துக்காக என்ன பாத்தே நீ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு திரும்பி நின்று கோட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அழுக்குத் தேய்க்கும் மேடையிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. ஆலையில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற ஷாங் பெரியம்மா. தேய்க்கிற பெண், தொட்டியிலிருந்து ஏறிவந்த ருய்யை மரியாதைக்காக முன்னால் கூப்பிட்டுவிட்டாள்.

"அவ எப்படி முன்னாடி? நான் காலைலேர்ந்து முட்டி நோவ உக்காந்திருக்கேன்! காலு இல்லன்னா வரிசையும் இல்லியா?"

தேய்க்கிற பெண் பதறிப்போய், "பெரியம்மா, நீங்க அந்தப் படத்தப் பாக்கலியா?" என்றாள்.

"காசு குடுத்து அழறதுக்கு எனக்குப் பைத்தியமா? எங்க வீட்டுக்காரன் செத்தப்போ ஓசியிலயே அழுதாச்சு." பிறகு ருய்யை ஏற இறங்கப் பார்த்தாள். கண் தொடைத் தழும்பில் நின்றது. விலகவும் இல்லை, ஈரமாகவும் இல்லை. "சரி, போ, படு. ஒத்தக் கால்தான, தேய்க்கப் பாதி நேரந்தான் ஆவும். ஆனா அடுத்தது நானு, சொல்லிட்டேன்!"

ருய் மேடையில் குப்புற விழுந்து சிரித்தாள். கோணல் சிரிப்பு இல்லை. மூச்சுத் திணறி, தேய்க்கிற பெண் நிறுத்திக் காத்திருக்க வேண்டிய சிரிப்பு. சொரசொரப்பான கையுறை முதுகில் ஓடியது. எட்டு வருடத்து அழுக்கு நூல் நூலாக உருண்டு விழுந்தது. "எலிக்குட்டி மாதிரி உருளுது பாரு" என்று பெரியம்மா பக்கத்திலிருந்து முகம் சுளித்தாள். அறுபட்ட தொடைக்கு வந்ததும் தேய்க்கிற பெண் தயங்கினாள். "அங்கயுந்தான் தோலு, தேய்" என்றாள் ருய். அந்த இடத்தில் வெந்நீர் ஊற்றியபோது, இல்லாத பாதம்வரை சூடு இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் அம்மா கூச்சத்தோடு தண்ணீருக்குள் ஒரு காலை விட்டுப் பார்ப்பது சத்தத்திலேயே தெரிந்தது.

பண்டிகைப் பட்டாசு ஓய்வதற்குள் சிவப்புத் துணி காணாமல் போயிற்று. காணொளியை மட்டும் அத்தை எடுக்கவில்லை. அதில் இதயங்கள் இன்னும் விழுந்துகொண்டிருந்தன. ருய் சனிக்கிழமைதோறும் சீட்டு வாங்கிக்கொண்டு போனாள். இலவசத்தைக் கேட்கவும் இல்லை, அத்தை தரவும் இல்லை. சில பெண்கள் இன்றும் அவளைக் கண்டால் அடுப்பை நினைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்குப் பழகிவிட்டது, பழகியவர்கள் இடுப்பால் இடித்துத் தள்ளி இடம் பிடிக்கிறார்கள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் நிங் ஷாவுக்கு நோய் திரும்பி வந்தது. கடலும் இல்லை, ஆம்புலன்ஸ் திருட்டும் இல்லை. வார்டில் கட்டில் காலியாகாததால் நடைக்கூடத்தில் கிடந்தாள். சாவதற்கு முந்தின நாள், கஞ்சி ஆறிப்போச்சு என்று தன் அம்மாவைத் திட்டி, அந்த அம்மா கிண்ணத்தை விசிறியடித்து, இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். மறுநாள் மதியம் அந்த அம்மா கொதிக்கும் கஞ்சியோடு படியேறி வந்தபோது, ருய்தான் நடைக்கூடத்து முனையில் நின்று அவளை நிறுத்த வேண்டியிருந்தது.

சேதி தெருவுக்கு வந்தது. "அந்தப் படத்துல வர்ற மாதிரியே..." என்று லுவான் அத்தை ஆரம்பித்தாள். சீட்டுக்குக் கை நீட்டிய ருய் சொன்னாள்:

"அத்தை, வாயை மூடிட்டுச் சீட்டக் குடுங்க."

அத்தை கொடுத்தாள்.