இரண்டு விரல் அகலத்தில் மாமியார் வீடு

வரைபட அலுவலகத்தில் அவருக்குப் பசை என்றே பெயர். மலைக்காட்டின் பழைய வரைபடங்களைத் துணியில் ஒட்டி, தாளோடு தாள் சேர்ப்பது அவர் வேலை. தான் ஒட்டியதை எமனே வந்தாலும் பிரிக்க முடியாது என்று மார் தட்டுவார். அந்தப் பெருமைதான் அவரை மாமியாரிடம் மாட்டிவிட்டது.

மாமியார் வீடு அந்த மலையின் உச்சியில். கல்யாணமான நாளிலிருந்து மனிதர் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. "ரோடு வரட்டும், போலாம்" என்பார். ரோடு போட உத்தரவும் வந்து தொலைத்தது. ஆனால் அதிகாரி பழைய வரைபடத்தை விரித்து ஊர் ஊராகக் கோடு இழுத்தபோது, மாமியார் ஊரை மட்டும் விட்டுவிட்டார்.

மனைவி அழுதாள். "அம்மாவுக்கு முட்டி போச்சு. ஆஸ்பத்திரிக்குக்கூட நாற்காலியில வச்சு நாலு பேர் தூக்கிட்டு வரணும். ரோடும் இல்லைன்னா அவங்க கதி என்னங்க?"

பசைக்கு மனசு கேட்கவில்லை. அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"ஐயா, அங்க ஊர் இருக்கு. என் மாமியாரே இருக்காங்க."

"மேப்புல இல்லையே."

அடுத்த வாரம் மாமியாரே நாற்காலியோடு அலுவலகத்தில் வந்து இறங்கினார். அதிகாரி எழுந்து கும்பிட்டார். "நீங்க இருக்கீங்கம்மா, மறுக்கல. உங்க ஊர்தான் இல்ல."

மாமியார் வரைபடத்தில் தங்கள் ஓடையைக் கண்டுபிடித்து விரலால் மேலே போனார். இரண்டு தாளும் சேரும் இடத்தில் ஓடை சட்டென்று நின்றது.

"தண்ணி எங்க போச்சு, மாப்பிள்ளை?"

பசை குனிந்து பார்த்தார். கெட்டியாக இருக்கட்டும் என்று ஒரு தாளை இன்னொன்றின்மேல் இரண்டு விரல் ஏற்றி ஒட்டியது அவரேதான். நகத்தால் சுரண்டினார். ம்ஹூம். மாமியார் கையோடு கொண்டுவந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து மடமடவென்று வெந்நீரை ஊற்றினார். அதிகாரி அலறினார். தாள் உப்பி, ஓரம் பிரிந்தது. உள்ளே ஓடை, பள்ளம், நாலு வீடு.

"இத்தனை வருஷமா நீங்க ஏன் வரலைன்னு இப்பத்தான் புரியுது" என்றார் மாமியார். பசையை வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஊர் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று யாராவது நேரில் பார்த்து வந்தால்தான் ரோடு என்றார் அதிகாரி. எல்லாரும் பசையைப் பார்த்தார்கள். நாற்காலி தூக்க வந்தவர்களில் ஒருவருக்குக் கால் வேறு சுளுக்கியிருந்தது.

மறுநாள் நாற்காலியின் ஒரு கால் பசையின் தோளில். காடு, ஏற்றம், அதற்கும் மேலே ஏற்றம். நாக்குத் தள்ளியது.

"இன்னும் எவ்வளவு தூரம், அத்தை?"

மேலே சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "ரெண்டு விரல்தான், மாப்பிள்ளை."