கொஞ்சம் ஊதுங்க

நடந்தவை, வரிசைப்படி:

1. இளம் ஆசிரியர்களுக்கான மருத்துவ ஆராய்ச்சி நிதி பற்றிய அறிவிப்பு டெல்லியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்தது. முப்பத்தைந்து வயது முடியாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். எனக்கு அடுத்த பங்குனியில் முடிகிறது. ஆகவே இந்த ஒரு முறைதான்.

2. விசைத்தறிக் கொட்டகைகளில் வேலை செய்கிறவர்களின் நுரையீரலைப் பஞ்சுத்தூசி என்ன செய்கிறது என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். பெரிய மில்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு தறி போட்டு ஓட்டுகிறவர்கள் பக்கம் அதிகம் பேர் போகவில்லை.

3. சிலரையாவது முன்னோட்டமாக அளந்து பார்க்காமல் அனுப்பினால் குப்பைக் கூடைக்குத்தான் போகும் என்றார் துறைத் தலைவர்.

4. மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் அதைத் தையல் மிஷின் என்று நினைத்து லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

5. ஒரு கொட்டகையில் வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராக ஊதச் சொன்னேன்.

6. முடிவுகள் அற்புதமாக வந்தன. அதாவது, எல்லாருடைய நுரையீரலும் படுமோசமாக இருந்தது.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அடுத்தவர் நுரையீரல் கெட்டிருந்தால் வாயில் ‘அடடா’ வருவதற்கு முன்னால் ‘ஆகா’ வந்துவிடும். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் ஆகாவில்தான் இருந்தேன்.

துறைத் தலைவர் சத்தியமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கோபம் வந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். மிஷின் வரைந்த கோடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அம்மணி, இதைப் பாத்தா டெல்லிக்காரங்க பணத்தை அனுப்பிப்போட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க.”

ஒருவர் மூச்சை நன்றாக இழுத்து வேகமாக ஊதினால் கோடு எடுத்த எடுப்பிலேயே செங்குத்தாக ஏற வேண்டும். எங்கள் கோடுகள் மதியச் சாப்பாடு முடித்து மாடிப்படி ஏறுகிறவரைப் போல ஏறியிருந்தன. படித்தவர்கள் இரண்டு பேர் அதை உற்றுப் பார்த்தோம். இரண்டு பேர் கண்ணுக்கும் நிதிதான் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை, தறி உரிமையாளரிடம் ஒரு சம்மதக் கையெழுத்து வாங்க மறுபடியும் அதே கொட்டகைக்குப் போனேன். உள்ளே ஒரு தறிக்கு முன்னால் ஓர் அக்கா நின்றிருந்தார். போன முறை அவருக்கு வந்த கோடுதான் இருப்பதிலேயே மோசம். அதை விண்ணப்பத்தின் முதல் படமாகப் போடுவதாக இருந்தேன். எனக்கு வணக்கம் சொல்லக் கையெடுத்தவர், பாதியில் தறியைப் பார்த்துவிட்டு, கொட்டகையின் மறுகோடியில் நின்ற தன் கணவரை நோக்கித் திரும்பினார்.

“ஏனுங்க! பாவு நூலு அந்துபோச்சுங்க! சித்த வந்து பாருங்க!”

அத்தனை தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அத்தனைக்கும் மேலே அந்தக் குரல் போயிற்று. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த உரிமையாளரின் பேனா காகிதத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டது. நான் போன வாரம் எடுத்த எல்லாக் கோடுகளையும்விட அது நன்றாக ஏறியிருந்தது.

“அக்கா, இந்த மூச்சையெல்லாம் அன்னைக்கு எங்க வெச்சிருந்தீங்க?” என்று கேட்டேன்.

“நீங்க கொஞ்சந்தானுங்களே ஊதச் சொன்னீங்க, டாக்டரு அம்மணி? நெம்ப ஊதிப்போட்டா எச்சி கிச்சி பட்டு உங்க மிசினு கெட்டுப்போகாதுங்களா?”

கொஞ்சம் ஊதுங்க. நான் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் தண்ணி குடுங்க என்பது போல. ஒவ்வொருவரும் சொன்னபடி கொஞ்சமாக ஊதிவிட்டு, குழலைத் துண்டில் துடைத்துத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

கடைசித் தேதிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. துறைத் தலைவரிடம் போனேன்.

“எல்லாம் தப்புங்க சார். அவங்க ஊதவே இல்லைங்க. கொஞ்சம் ஊதுங்கன்னு சொன்னேன். கொஞ்சம் ஊதினாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

“எதுக்குங்க அம்மணி கொஞ்சம்னு சொன்னீங்க?”

“மரியாதைக்குங்க.”

“மரியாதைக்கு நிதி குடுக்கற கமிட்டி ஏதாச்சும் இருக்குதான்னு விசாரிக்கோணும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இருக்கறதையே அனுப்பறதுன்னாலும் அனுப்பலாம். டெல்லியிலிருந்து ஆரு கருமத்தம்பட்டிக்கு வந்து ஊதிப் பாக்கப்போறாங்க? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.”

“கொஞ்சமாங்க, நெம்பவாங்க?”

“போயிட்டு வாங்க அம்மணி. மிஷினைப் பத்திரமாக் கொண்டுபோங்க.”

மறுபடியும் கருமத்தம்பட்டிக்குப் போகிற வழியெல்லாம் ஒரே கணக்குதான். கையில் இருந்த நல்ல எண்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, என்ன வரும் என்று தெரியாத எண்களைத் தேடிப் போகிறேன். எல்லாருடைய நுரையீரலும் நன்றாகவே இருந்துவிட்டால் அது அவர்களுக்கு நல்ல செய்தி. எனக்கு விண்ணப்பத்தில் எழுத ஒன்றும் இருக்காது, பங்குனியும் வந்துவிடும்.

மரியாதைதான் குற்றவாளி என்பதால் அதை முழுவதுமாக எடுத்துவிட முடிவு செய்திருந்தேன். நான் அன்னூர்க்காரி. தெருநாயைக்கூட ‘போங்க’ என்று விரட்டி வளர்ந்தவள். இரண்டு நாள் சமையலறையில் பிரஷர் குக்கரைப் பார்த்து ஒருமையில் அதட்டிப் பழகியிருந்தேன். குக்கர் பதிலுக்கு ஊதியது.

கொட்டகையில் முதலில் உட்கார்ந்தவர் பேரன் பேத்தி எடுத்த பெரியவர்.

“மூச்சை இழு! ஊது! நிறுத்தாதே!” என்றேன்.

அவர் குழலை வாயிலிருந்து எடுத்தார். துண்டில் துடைத்தார். என் கையில் கொடுத்தார். “தண்ணி குடிச்சுப்போட்டு வாரனுங்க” என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

பாவு அறுந்த அக்கா பக்கத்தில் வந்து குனிந்து, தன் வழக்கமான குரலிலேயே கேட்டார்: “அம்மணி, ஊட்ல ஏதாச்சும் சண்டைங்களா?”

“இல்லீங்க அக்கா. வேகமா ஊதணும், அதுக்காகத்தான்.”

“அட, அவ்வளவுதானுங்களா?” வாசலைப் பார்த்து நிமிர்ந்தார். “ஏனுங்க மாமா! வாங்க! தண்ணி அப்பறம் குடிச்சுக்கலாம்!”

பெரியவர் வந்து உட்கார்ந்தார். அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இழுங்க! இன்னும் இழுங்க! ஊதுங்க! ஊதுங்க! உட்டுப்போடாதீங்க! ஊதுங்க மாமா!”

கோடு வரைகிற முள் செங்குத்தாக ஏறியது. ஒரு ‘ங்க’கூடக் குறையவில்லை. ‘கொஞ்சம்’ மட்டும்தான் இல்லை.

அதன்பின் நான் கோடுகளைக் குறித்துக்கொண்டேன், அக்கா கத்தினார். ஒவ்வொருவராக உட்கார்ந்து முகம் சிவக்க ஊதிவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். பெரும்பாலும் நல்ல நுரையீரல்கள். சிலருக்கு மட்டும் லேசான தாழ்வு. என் விண்ணப்பம் என் கண் முன்னாலேயே ஆரோக்கியமடைந்துகொண்டிருந்தது.

கடைசியாக அக்காவின் கணவர்.

“கல்யாணம் ஆன நாளா இந்தச் சத்தத்துக்குப் பழகிட்டனுங்க. எனக்கு இது வேலை செய்யாது, பாருங்க” என்றபடி குழலை வாங்கினார்.

வேலை செய்யவில்லை. முள் நேராகத்தான் ஏறியது, முழுமூச்சாகத்தான் ஊதினார். ஆனால் பாதி உயரத்தில் நின்றுவிட்டது. அக்கா இன்னும் சத்தமாகக் கத்தினார். அதே உயரம். மறுபடியும் கத்தினார்.

“ஊதறனே புள்ள” என்று அவர் குழலை இறக்கினார்.

அக்கா மெல்லப் பேசி அப்போதுதான் கேட்டேன். “ஞாயித்துக்கெழமை லீவு முடிஞ்சு திங்கக்கெழமை தறிக்கு வந்தா இவருக்கு இப்படித்தானுங்க. நெஞ்சைப் புடிச்சுக்கும். புதன்கெழமைக்குச் சரியாப்போயிரும்.”

அன்று திங்கட்கிழமை. மில் தொழிலாளர்களுக்குப் பஞ்சுத்தூசியால் வருகிற நோய்க்குப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிற அடையாளமே இந்தத் திங்கட்கிழமை மூச்சுப்பிடிப்புதான். புதன்கிழமை போய் மறுபடி ஊதச் சொன்னேன். அவருடைய கோடு கொஞ்சம் மேலே வந்திருந்தது. கொஞ்சம்தான், மரியாதைக்குச் சொல்லவில்லை. தாழ்வு தெரிந்த மற்றவர்களிலும் சிலருக்கு அதே மாதிரி ஏறியிருந்தது.

விண்ணப்பத்தில் இருந்ததை இருந்தபடி எழுதினேன்: பெரும்பாலோர் நலம், சிலருக்குத் திங்கட்கிழமைத் தாழ்வு, முதல் முறை எடுத்த அளவுகள் நீக்கப்பட்டன. தேவையான பணியாளர்கள் என்ற இடத்தில் ‘களப் பணியாளர் ஒருவர், தகுதி: உரத்த குரல்’ என்று சேர்த்தேன். துறைத் தலைவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நேர்காணலுக்கு டெல்லி அழைத்தது. முதல் அளவுகளை ஏன் நீக்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள்.

“தயவுசெய்து என்று சொல்லிவிட்டேன்” என்றேன், ஆங்கிலத்தில்.

யாருக்கும் புரியவில்லை. ‘கொஞ்சம்’ என்ற சொல்லை, ஒரு மருத்துவக் குழுவுக்கு முன்னால், எவ்வளவு நேரம் விளக்க முடியுமோ அவ்வளவு நேரம் விளக்கினேன். ஓரத்தில் இருந்த கர்நாடகத்துக்காரர் மட்டும் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அவர்கள் ஊரில் ‘ஸ்வல்ப’ என்ற சொல்லும் இதே வேலையைத்தான் செய்கிறதாம். மற்றவர்களுக்கு அவரே விளக்க ஆரம்பித்தார். நான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

இப்போது நிலைமை இது. கேட்டது மூன்று ஆண்டு, கிடைத்தது இரண்டு. அதில் ஒன்று முடியப்போகிறது. களப் பணியாளர் இடத்தை, தகுதியைத் திருத்தி எழுதும்படி சொல்லிவிட்டு, குழு அனுமதித்தது. ‘உள்ளூர் வழக்கில் தெளிவாக அறிவுறுத்தும் திறன்’ என்று திருத்தினேன். அக்கா தறியை விட்டுவிட்டு, மிஷினோடு என்னுடன் பஸ்ஸில் வருகிறார். லக்கேஜ் டிக்கெட் வாங்குவதில்லை. கண்டக்டரிடம் அவரே பேசிக்கொள்கிறார். அவர் கணவர் கொட்டகைக்கு வெளியே துணி மடிக்கிற வேலைக்கு மாறியிருக்கிறார். அவருடைய திங்கட்கிழமைக் கோடு முன்பைவிட மேலே இருக்கிறது, இருக்க வேண்டிய உயரத்துக்கு இன்னும் வரவில்லை. எனக்கு வயது முப்பத்தாறு.