சுத்தியல் அம்மாளின் இளகிய இடம்

ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அந்த அம்மாளுக்கு ஊர் வைத்த பெயர் சுத்தியல். அவர் முறைத்தால் பச்சை விளக்கு பயந்துபோய்ச் சிவப்பாகிவிடும். தேர்வுத் திடலில் லாரிகூட மூச்சை அடக்கிக்கொண்டுதான் திரும்பும். சிபாரிசோடு வந்தவர்கள், வந்த வேலையை மறந்து வீடு போய்ச் சேர்ந்தால் போதுமென்று ஓடியிருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு ரொட்டிக்கடைக்காரர் கவிழ்த்துவிட்டார். முதல் தேர்வில் கார் பாதி வழியில் நின்றுபோனதும் மனிதர் ஸ்டியரிங்கைத் தடவி, "மன்னிச்சுக்கம்மா, தப்பு என்னோடதுதான்" என்று காரிடம் மன்னிப்புக் கேட்டார். சுத்தியலுக்குள் ஏதோ இளகிவிட்டது. ஆனாலும் அவரை ஃபெயிலாக்கிவிட்டுத்தான் சிரித்தார், அதுவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

இன்று ரொட்டிக்கடைக்காரர் மறுபடி வந்திருந்தார். கடை வேனை ஓட்டியவன் வேலையை விட்டுப் போய்விட்டான். நாளை முதல் இவரே ஓட்டாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போகாது. அந்த ஆர்டர்தான் கடையின் உயிர்.

கார் கிளம்பியது. கண்ணாடியைப் பார்க்காமலே வளைவில் திரும்பினார். குறித்தே ஆகவேண்டிய தவறு. அம்மாளின் பேனாவோ தாளுக்கு மேலேயே நின்றது, இறங்க மறுத்தது.

"நிறுத்துங்க," என்றார். இறங்கி, நேரே சக தேர்வாளரிடம் போய்த் தாளை நீட்டினார். இவர் கிழக்கென்றால் மேற்கென்பவர் அவர். ஆகவே ஆபீசில் அவருக்குப் பெயர் எதிர்க்கட்சி.

"இவரை முதல்லேர்ந்து நீங்க பாருங்க. நான் பாக்கக் கூடாது."

"ஏன், காசு கீசு குடுத்தாரா?"

"சீச்சீ! எனக்கு இவர் மேல ஒரு சாஃப்ட் ஸ்பாட்."

எதிர்க்கட்சியின் கண்கள் விரிந்தன. "இந்த வயசுல காதலா?"

"உங்க புத்தி அங்கதானே போகும்! வெள்ளைக்காரன் அதைக் காதலுக்குச் சொல்லலைய்யா. கல்லு மாதிரி ஆளுக்கும் உள்ள ஒரு இடம் மெத்துனு இருக்கும். அங்க யாராவது வந்து சட்டமா உக்காந்துடுவாங்க. நாய்க்குட்டியா இருக்கலாம், பழைய சைக்கிளா இருக்கலாம். என்ன தப்பு பண்ணாலும் கண்டிக்க மனசு வராது. உங்க ரூம்ல அந்த லொடலொட ஃபேனை மாத்த விடமாட்டேங்கறீங்களே, அதேதான்."

"என் ஃபேனை எதுக்கு இழுக்கறீங்க!" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அதே வளைவு, அதே தவறு. ஃபெயில். ரொட்டிக்கடைக்காரரின் முகம் மாவாக வெளுத்தது.

அம்மாள் அவரெதிரே போய் நின்றார். "ரொட்டி எப்ப கிளம்பும்?"

"விடியக்காலை, மேடம். இனிமே எங்க..."

"கத்துக்கிறவங்க லைசென்ஸ் கையில இருக்குல்ல? பக்கத்துல பழைய லைசென்ஸ்காரங்க உக்காந்தா ஓட்டலாம். நான் வர்றேன். இனிமே உங்களுக்குத் தேர்வு வைக்கப்போறது நான் இல்ல, அதனால உங்களைத் தாராளமாத் திட்டுவேன்."

மறுநாள் வேனுக்குள் விழுந்த திட்டில், கூவ வாயெடுத்த சேவல்களெல்லாம் நமக்கென்ன வேலை என்று திரும்பப் படுத்துவிட்டனவாம். ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றபோது ரொட்டியின் சூடு ஆறவில்லை. முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறியவர் சுத்தியல் அம்மாள்தான்.