மூதூர் லோஞ்சில் டொக்டர் தேடிய கதை

லோஞ்சில் டிக்கட் கிழிக்கிறவருக்கு இரண்டு காதும் ஒரு வாயும் சரிவராது. காது நாலாக இருந்து வாயே இல்லாதிருந்தால்தான் அந்த வேலைக்குப் பொருத்தமான ஆள்.

திருகோணமலை இறங்குதுறையிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு ஓடிய லோஞ்சு என்கிற பயணிகள் மோட்டார்ப் படகில், எழுபதுகளில், நான் அந்த வேலை பார்த்தேன். எங்கள் பயணிகளில் பாதிப்பேர் நோயாளிகள். திருகோணமலைப் பட்டணத்துக்குப் போகும்போது வியாதியைப் பற்றிக் கதைப்பார்கள், திரும்பும்போது டொக்டரைப் பற்றிக் கதைப்பார்கள். யார் தொட்டுப் பார்ப்பார், யார் முகத்தையே பாராமல் மருந்து எழுதுவார், யாருக்கு முன்கோபம் எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் அறிய விரும்பிய ஒன்றை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை: நோயாளி சொன்னதை யார் வெளியில் சொல்லமாட்டார்?

ஊருக்கு நான் செல்வராசா. எனக்குள் நான் பெண். நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இப்போது திருநங்கை என்று மரியாதையான சொல் இருக்கிறது. அப்போது இருந்த சொற்களை நான் எழுதமாட்டேன்; உங்களில் சிலருக்கு அவற்றைக் கேட்டே காது புண்ணாகியிருக்கும். டொக்டர் வீட்டுப் படலைவரை போய், செருப்பைக் கழற்றி, திரும்பவும் மாட்டிக்கொண்டு வீடு வந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

நித்திரையில் நடந்தவர்

எனக்குத் தாய் தகப்பன் இல்லை. துறைமுகத்தில் கிறேன் ஓட்டிய அண்ணனும் அண்ணியும் உப்புவெளியில் இருந்தார்கள், அவர்களோடுதான் நானும். அண்ணன் என்னில் உயிர். அதனால்தான் பயம். உயிரான மனிதருக்குக் கோபம் வந்தால் அதற்குக் கரை கிடையாது. எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியதும் என் நித்திரை போய்விட்டது. யாரிடமாவது ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும், பைத்தியமாகாமல் தப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

பட்டணத்தில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு டொக்டரிடம் போனேன். அவருக்கு முன்னால் கதிரையில் இருந்த பிறகுதான் கண்டேன், அவருக்கும் மருந்து கலக்கும் கொம்பவுண்டருக்கும் நடுவில் இருந்தது ஒரு சீலைத்துண்டு. அதற்குப் பின்னால் போத்தல் சத்தம் நின்றுவிட்டிருந்தது. கொம்பவுண்டர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று விளங்கியது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "நித்திரையில எழும்பி நடக்கிறன் டொக்டர்." அவர் ஏதோ மருந்துத்தண்ணி தந்தார்.

அடுத்த நாள் மூதூரிலிருந்து ஏறிய ஒருவர், நான் நித்திரையில் நடந்து கடலுக்குள் இறங்கியதாகவும் மீன்காரர் தூக்கி எடுத்ததாகவும் எனக்கே சொன்னார். உண்மையைச் சொல்லியிருந்தால்? லோஞ்சு ஓட்டிய தண்டையல், மூதூர்க் காசிம் காக்கா, சுக்கானைப் பிடித்தபடி என்னைப் பார்த்து உண்மையான கவலையோடு கேட்டார்: "தம்பி, இரவைக்கு லோஞ்சக் கட்டுற கயித்துல உங்களயும் சேத்துக் கட்டிவிடவா?"

பேரைச் சொல்லு

என்னைக் காட்டிக்கொடுத்தது கிணற்றடி. வீட்டில் ஒருவரும் இல்லை என்று நினைத்து, பெண்கள் குளிப்பதுபோல மார்புக்கு மேலே சாரத்தைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக் குளித்துக்கொண்டிருந்தேன். வாளியைத் தூக்கித் திரும்பினால் அண்ணி நிற்கிறா. கையிலிருந்த சுளகை மார்போடு அணைத்துக்கொண்டு, பாம்பைக் கண்டவபோல பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போனா.

அண்ணன் அன்றைக்கு எனக்கு அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்தில் இருந்து, என் தலையைத் தடவி, "உனக்கு ஏதோ பிடிச்சிருக்கு, எடுத்துவிடுவம்" என்றார். எடுபடாவிட்டால் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தலைக்குக் கரண்டு வைப்பிக்கிறதாம், அவரோடு வேலை செய்கிற ஒருவரின் மச்சானுக்கு அப்படிச் செய்து சுகமாம். சுகமான அந்த மச்சானை நானும் லோஞ்சில் கண்டிருக்கிறேன். டிக்கட்டைக் கையில் கொடுத்தால் அது என்னவென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் வேலை செய்த லோஞ்சிலேயே என்னைப் பயணியாக ஏற்றி, கட்டைபறிச்சானில் பேய் ஓட்டுகிற ஒரு கட்டாடியாரிடம் அண்ணன் கூட்டிப்போனார். நல்ல வெயில். முற்றத்தில் இருத்தி, செத்தல் மிளகாய்ப் புகையை முகத்தில் பிடித்து, வேப்பங்கொப்பால் முதுகில் விளாசினார் கட்டாடியார். "உள்ளுக்க இருக்கிற பொம்பிளை ஆரடி? பேரைச் சொல்லு!" மூச்சு முட்டியது. கண் எரிந்தது. வேலிக்கு வெளியே சனம் கூடிவிட்டது. "சொல்லடி பேரை!" அதுவரை காற்றுக்குக்கூடச் சொல்லாத பேரை, அத்தனை சனத்துக்கு முன்னால் நான் கத்தினேன்: "செல்வராணி!"

அடி நின்றது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் பேரைக் கேட்டு, நானும் சொல்லியிருக்கிறேன். அழுகையா வேறு ஏதுமா என்று தெரியாமல் உடம்பு குலுங்கியது. அண்ணன் என்னைத் தூக்கி நெஞ்சோடு சாத்திக்கொண்டார். கட்டாடியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்த திருப்தியில் அவரிடம் சொன்னார்: "பேரைச் சொல்லிப்போட்டாள். இனி இஞ்ச நிக்கமாட்டாள்."

தேசிக்காய்

செல்வராணி எங்கும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணன்தான் போய்விட்டாள் என்று நம்பி, அண்ணியின் ஒன்றுவிட்ட தங்கச்சியை எனக்குப் பேசி முடித்தார். அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்னும் பயம். என்னை நம்பி மணவறையில் வந்து இருக்கப்போகிறவள்.

அந்த நாட்களில் மூதூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு லேடி டொக்டர் மாற்றலாகி வந்திருந்தா. நடுவயது, மூக்குக்கண்ணாடி, சிரிக்காத முகம். வாரத்துக்கு ஒருமுறை பட்டணம் போய்வருவா. கடல் அவவுக்குத் துளியும் ஒத்துவராது. லோஞ்சு துறையை விட்டு நகர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுக்கத் தொடங்குவா. முந்தானையெல்லாம் நனைந்துவிடும். ஒருநாள் குமட்டல் அடங்க மணந்து பார்க்கட்டும் என்று ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், கொடுத்தேன். அதற்குப் பிறகு அவ வருகிற நாளில் என் சட்டைப் பையில் ஒன்று இருக்கும்.

அவவைப் பற்றிப் பயணிகளிடம் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். நல்ல மருந்தா? கோபக்காரியா? ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் மூதூர் உம்மா ஒருவர், மகளோடு அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவ, சலித்துக்கொண்டா: "அவவா? என்ட மகளுக்கு என்ன வருத்தமெண்டு பெத்த தாய் எனக்கே சொல்லுறா இல்ல மகன்!"

கிண்ணியாப் பெண்சாதி

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை, ஆனால் இது வேறுமாதிரி நித்திரையின்மை. தாய்க்கே சொல்லாத டொக்டர்! இருந்தாலும் அடி வாங்கிய முதுகு லேசில் நம்பாது. முதலில் ஒரு பொய்யை எறிந்து பார்ப்போம் என்று தீர்மானித்தேன். குடாவின் அந்தக் கரையில் யார் எதைச் சொன்னாலும் அது எங்கள் லோஞ்சில் ஏறித்தான் இந்தக் கரைக்கு வரவேண்டும். வந்தால் என் காதில் விழாமல் போகாது.

லோஞ்சு மூதூரில் கட்டியிருந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். "டொக்டர், எனக்குக் கலியாணம் பேசினம். ஆனா கிண்ணியாவில எனக்கு ஒளிச்சு வைச்ச ஒரு பெண்சாதி இருக்கிறா" என்றேன். இது அண்ணன் காதில் விழுந்தால் என் எலும்பு தேறாது. தெரிந்துகொண்டுதான் சொன்னேன், சின்னப் பொய்யை யாரும் காவிக்கொண்டு திரியமாட்டார்கள். பிறகு காத்திருந்தேன். ஒவ்வொரு பயணமும் எனக்கு நெருப்பு. இரண்டு பேர் குசுகுசுத்தால் என்னைப் பற்றித்தான் என்று காது சூடாகும். காசிம் காக்கா தொண்டையைச் செருமினாலே டிக்கட் எண்ணிக்கை தவறிப்போகும். கதை வரவில்லை. கலியாண நாள் நெருங்கிக்கொண்டு வந்தது, கதை மட்டும் வரவேயில்லை.

திரும்பப் போனேன். இந்தமுறை எல்லாவற்றையும் சொன்னேன்: கிணற்றடி, மிளகாய்ப் புகை, கரண்டு, பேர். சொல்லும்போது என் கண் கதவிலேயே இருந்தது. எழும்பி ஓட வசதியாகக் கதிரை நுனியில் இருந்தேன். முடிந்ததும் டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "இதைப் பற்றி எனக்குப் படிப்பிச்சது குறைவு. படிப்பிச்சதும் சரியெண்டு எனக்குத் தோன்றேல்ல. ஆனா உம்மைக் கரண்டுக்கு அனுப்ப நான் விடமாட்டன். வந்து கதையும். நான் கேக்கிறன்." பிறகு தயங்கி, "உம்மை நான் என்னெண்டு கூப்பிட?" என்றா.

"லோஞ்சில தம்பி எண்டே கூப்பிடுங்கோ டொக்டர். இஞ்ச செல்வராணி."

"சரி செல்வராணி. அப்ப, அந்தக் கிண்ணியாப் பெண்சாதி?"

பொய் என்று ஒத்துக்கொண்டேன். அவ முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அதுதான். "நல்லதாப் போச்சு. இவ்வளவு நாளும் அந்தக் கிண்ணியாப் பிள்ளையை நினைச்சு எனக்குத்தான் நித்திரை இல்லை."

அரைக்கதவுக்கு வெளியே

கலியாணத்தை நிறுத்துவது என் வாயால் நடக்கிற காரியம் இல்லை. நான் மறுத்தால் பேய் திரும்பி வந்துவிட்டது என்பார்கள், அடுத்தது கொழும்பு. "அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றா டொக்டர். அதைக் கேட்டதும் எனக்குப் பழைய பயம் முழுவதும் திரும்ப ஏறியது. பெரிய மனிசர்கள் எல்லாரும் கடைசியில் அண்ணனைத்தானே கூப்பிடுவார்கள்? கொழும்புக்குப் போகிற பாதையில் இவவும் ஒரு படியோ?

வேறு வழி இல்லாததால் கூட்டிப்போனேன். அண்ணன் உள்ளே போனார், நான் அரைக்கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். கதவுக்குக் கீழே அண்ணனின் கால்கள் மட்டும் தெரிந்தன. டொக்டரின் குரல் கேட்டது: "இந்தக் கலியாணத்தைச் செய்து வைச்சால் ரெண்டு சீவன் பாழாப்போகும். நிப்பாட்டுங்கோ." அண்ணன் காரணம் கேட்டார். ஆண்மைக் குறைவா என்றார். பைத்தியமா என்றார். "நான் வளத்த பிள்ளை! எனக்குத் தெரியவேணும்!" என்று மேசையில் அடித்தார். ஏதோ உருண்டு விழுந்து உடைந்தது. அந்தக் கால்கள் கதவுப் பக்கம் திரும்பின.

டொக்டரின் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை: "வளத்த உங்களுக்கு அவர் தானாச் சொன்னால் கேளுங்கோ. என்ர வாயில இருந்து வராது, நீங்கள் மேசையை உடைச்சாலும் வராது."

நேவிக்காரன்

கலியாணம் நின்றது. அந்தப் பிள்ளைக்கு நிலாவெளியில் நல்ல இடம் அமைந்தது. அண்ணன் நெடுநாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, கொழும்புக் கதையையும் எடுக்கவில்லை. லேடி டொக்டர் அங்கே இருந்தமட்டும் போய்க் கதைத்தேன். அந்த அறைக்குள் மட்டும் எனக்கு என் பேர் இருந்தது. வெளியில் வந்தால் பழையபடி டிக்கட் தம்பி. அது பெரிய விடுதலை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நித்திரை வந்தது. பிறகு அவ மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போனா. கடைசிப் பயணத்திலும் கம்பியைப் பிடித்துச் சத்தி எடுத்துக்கொண்டுதான் போனா.

அதற்குப் பின் ஒரு காலம், கிண்ணியாப் பக்கத்திலிருந்து ஓர் இளம் பெண் வந்துபோவா. தலைமயிர் கட்டையாக வெட்டியிருக்கும். காய்ச்சலுக்கு வெட்டியது என்பா. ஒருமுறை நான் கேளாமலே, தான் ஒரு நேவிக்காரனை விரும்புவதாகவும் அவனோடு ஓடப்போவதாகவும் என்னிடம் சொன்னா. கேட்டுக்கொண்டே டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்தேன். சில காலத்துக்குப் பிறகு, நடுக்குடாவில், இயந்திரச் சத்தத்தின் மறைவில், பக்கத்தில் வந்து நின்றா. "அண்ணை, என்னை எல்லாரும் பொம்பிளை எண்டினம். நான் இல்லை. நம்பிக் கதைக்க ஒரு டொக்டர் உங்களுக்குத் தெரியுமோ?"

யாராவது என்னைச் சோதிக்க அனுப்பிய ஆளோ? ஏன் என்னிடம்? கரையைப் பார்த்தேன், தூரத்தில் இருந்தது; ஓட இடமில்லை. "என்னட்டை ஏன் கேக்கிறீர்?" என்றேன். அவரும் என்னைப்போலப் பயந்துதான் நிற்கிறார் என்பதை அப்போதுதான் கண்டேன். மட்டக்களப்பில் அந்த லேடி டொக்டரை எங்கே காணலாம் என்று சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த நேவிக்காரன் கதை பொய் அண்ணை, உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான், இண்டைவரைக்கும் ஒருத்தரும் அதை என்னட்டத் திருப்பிச் சொல்லேல்ல."

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை வெள்ளைக்காரன் எப்போதோ அளந்து படம் போட்டு வைத்துவிட்டான். ஒரு மனிசரின் வாய் எவ்வளவு ஆழம் என்பதைத்தான் எங்களைப் போன்றவர்கள் இன்னும் ஒவ்வொரு பொய்யாகப் போட்டு அளந்துகொண்டிருக்கிறோம்.