மூன்று பிரேக் வண்டி

எனக்கு ஒரு மூன்று சக்கர வண்டி கொடைக்கானலில் தயாராகிறது என்று கேள்விப்பட்டதும், ஆயக்குடியில் எங்கள் கொய்யாத் தோட்டத்து வீட்டில் துள்ளிக் குதித்தவள் அம்மாதான். நான் எங்கே குதிக்க? இரண்டு வயதில் வந்த போலியோ என் கால்கள் இரண்டையும் முடக்கிப் போட்டிருந்தது.

எட்டாம் வகுப்பு வரை அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தான். பிறகு அவனுக்குத் திண்டுக்கல்லில் மில் வேலை கிடைத்தது. ஹைஸ்கூலோ ஊரின் மறுகோடி. அப்பா இல்லை, அம்மாவால் என்னைத் தூக்கவே முடியாது, அப்போதே நான் நல்ல கனம். வண்டி வந்தால் ஒன்பதாம் வகுப்பு, வராவிட்டால் வீடு.

பழனியில் எங்களுக்குத் தெரிந்த நர்ஸ் அக்காதான் ஏற்பாடு செய்தார். மலையில் ஒரு சர்ச்சுக்குப் பக்கத்தில் ஷெட் ஒன்று இருந்தது. ஊரைவிட்டுப் போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழைய சைக்கிள்களை அங்கே சரிசெய்து, இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். ஷெட்டைப் பார்த்துக்கொண்டவர் பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுத்த ஒரு சார். இரண்டு சைக்கிளை ஒன்றாக்கி, பெடலைக் கையால் சுற்றி ஓட்டுகிற மாதிரி செய்து தருவதாக ஒப்புக்கொண்டாராம். நர்ஸ் அக்கா டேப்பால் என் கையை அளந்துகொண்டு போனார்.

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வந்துரும் பாப்பா" என்றார்.

சக்கரம் மாட்டியாயிற்று என்று தகவல் வந்தது. அப்புறம் சீட். அப்புறம் பச்சைப் பெயின்ட். ஜூன் பிறந்து பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. வண்டியைக் காணோம். அம்மா பழனிக்கு ஓடினாள்.

"எல்லாம் முடிஞ்சிருச்சும்மா. பிரேக்குதான் சரியாப் பிடிக்கலையாம். அது இல்லாம அனுப்ப மாட்டேங்கிறாரு சார்" என்றார் நர்ஸ் அக்கா.

"எம்புள்ள கையால சுத்தி நகர்றதே பெருசுங்க. அதுக்கு எதுக்கு பிரேக்கு? கெடக்கறபடியே வெரசா அனுப்பச் சொல்லுங்க!"

சொல்லித்தான் அனுப்பினார். புள்ளை உயிர் விஷயம், விளையாட்டில்லை என்று பதில் வந்தது. ஹெட்மாஸ்டர் ஆடி வரைக்கும் எனக்காக இடம் வைத்திருந்தார். அதற்குமேல் அவரும் என்ன செய்வார்?

ஆயுத பூஜை கழிந்து, உருளைக்கிழங்கு லாரியில் வண்டி வந்து இறங்கியது. அழகான வண்டிதான், பொய் சொல்லக் கூடாது. வலது கைக்கு ஒரு பிரேக், இடது கைக்கு ஒரு பிரேக், இரண்டும் போதாதென்று சக்கரத்தை இறுக்கிப் பூட்ட மூன்றாவதாக ஒன்று. எங்கள் தெருவில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியில் ஏறவே இரண்டு நாள் மறுத்தேன்.

அடுத்த வருஷம் சேர்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குக் கீழே படித்த பிள்ளைகளோடு உட்கார ரோஷம் விடவில்லை. அதற்குள் அந்த வண்டியிலேயே கொய்யாக் கூடையை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் வியாபாரத்துக்கும் உட்கார்ந்துவிட்டேன். படிக்க வந்த வண்டி பழக்கடை ஆயிற்று. வாங்க வருகிறவர்களிடம், "மூணு பிரேக் போட்ட தேருங்க இது, பறந்துட்டா என்ன செய்யறது?" என்று கிண்டலடிப்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நானும் மனசுக்குள் அந்த சாரை நாலு திட்டுத் திட்டிவிட்டு எடை போடுவேன்.

சில வருஷம் கழித்து, அண்ணன் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போனேன். மலை ஏறியது அதுதான் முதல் தடவை. என்ன இருந்தாலும் வண்டி கொடுத்த மனுஷன், பார்த்து நாலு கேள்வியும் கேட்கலாம் என்று ஒரு பை கொய்யா எடுத்துப் போயிருந்தேன். ஷெட் பூட்டிக் கிடந்தது. அண்ணன் என்னை அதன் வாசல்படியில் இறக்கிவிட்டான். பை சரிந்து ஒரு கொய்யா கீழே விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை. வாசலிலிருந்தே தொடங்கிய சரிவில் உருண்டு, வேகம் பிடித்து, ரோடு வளைவைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போய்விட்டது.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"சார் ரிட்டயர் ஆகி சொந்த ஊருப் பக்கம் போயிட்டாருங்க. கீழ ஒரு புள்ளைக்கு மூணு சக்கர வண்டி செஞ்சாரு. தானே ஏறி உக்காந்து இந்த எறக்கத்துல ஓட்டிப் பாப்பாரு. ரெண்டு தடவ விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டாரு. கால் வராத புள்ளைம்மா, காலை ஊனி நிறுத்த முடியாதுல்ல, அப்படீன்னு சொல்லிச் சொல்லித்தான் பிரேக் போட்டாரு. அந்தப் புள்ள நல்லாருக்குதா, தெரியுமாங்க?"

"நல்லாருக்குங்க" என்று சொல்லிக் கொய்யாப் பையை அவரிடமே கொடுத்தேன்.

அந்த சார் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. அவர் இருந்த ஊரை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை வருஷமும், படிப்பு போச்சே என்று நினைக்கிறபோதெல்லாம் திட்டுவதற்கு எனக்கு அந்த சார் இருந்தார். திரும்பும் வழியில் பெருமாள்மலை தாண்டி பஸ் மலையிறங்கும்போது, திட்டுவதற்கு அவரும் இல்லை. படிப்பு போனது மட்டும் இருந்தது.