ஏம்பலத்துக் கல்

வயிற்றைப் பிடித்துக்கொண்டு யார் எதிரே வந்தாலும் சிங்காரவேலு கேட்கிற முதல் கேள்வி, "ஒங்கம்மா எந்த ஊரு?" என்பதுதான். ஏம்பலம் என்று பதில் வந்துவிட்டால் மேற்கொண்டு விசாரணை கிடையாது. "அப்ப பித்தக்கல்லுதான். போயி ஸ்கேன் எடு" என்று சொல்லிவிட்டுக் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவார்.

ஏம்பலம் அவர் மனைவி தையலம்மாள் பிறந்த ஊர். 2019 தை மாதம் அந்த அம்மாளுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். இந்தக் கல் ஓரளவு பரம்பரையாகவும் வரும், இனத்துக்கு இனம் மாறும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சிலி நாட்டுப் பூர்வகுடிகளுக்கு மிக அதிகம், ஆப்பிரிக்கர்களுக்குக் குறைவு. வடக்கே பெரும்பாலும் கொழுப்புக் கல், நம் பக்கம் கறுப்புக் கல் அதிகம். சாப்பாடும் உடல் எடையும்கூடக் காரணம் என்றார். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் சிங்காரவேலுவின் காதில் ஏறவில்லை. கரும்பில் செவ்வழுகல் நோய் விழுந்தால் நட்ட விதைக்கரணை யார் கொல்லையிலிருந்து வந்தது என்று பார்க்கிறவர் அவர்.

அன்று முதல் தன் ஊரான உறுவையாற்று டீக்கடையில் உலக ஜனங்களுக்குத் தரவரிசை போட ஆரம்பித்தார். "மொதல்ல சிலிக்காரன். அடுத்தது ஏம்பலத்தான். எங்க வம்சம் ஆப்பிரிக்கா மாதிரி, சுத்தம்." ஏம்பலத்து மைத்துனர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தும் இதையே சொல்வார். தையலம்மாள் கரண்டியோடு வந்து, "ஆப்பிரிக்காக்காரரே, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?" என்று கேட்பார். ஆப்பிரிக்காக்காரர் இலையைக் காட்டுவார்.

இந்த ஆடியில் கறி விருந்து முடிந்த அன்று வலது விலாவுக்குக் கீழே அவருக்கே பிடித்துக்கொண்டது. வாய்வு என்று சோடா குடித்தார். வலி தோள்பட்டைக்கு ஏறியபோது மண்வெட்டி பிடித்த அலுப்பு என்றார். கல் என்று வெளியே தெரிந்தால் டீக்கடைப் பக்கம் எப்படித் தலைகாட்டுவது? அடுத்த முறை காய்ச்சலும் சேர்ந்து வந்தது. தையலம்மாள் ஆட்டோவை வாசலுக்கே வரவழைத்தார். "வாய்வுன்னே எழுதி வாங்கினு வந்துடலாம், ஏறு மாமா."

ஸ்கேனில் கல் தெரிந்தது. பித்தப்பை வீங்கியிருக்கிறது, தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் இளம் மருத்துவர் மஞ்சுளா. சிங்காரவேலு ஒப்புக்கொள்ளவில்லை. அது தன் மனைவி வீட்டு நோவு, தன் வம்சத்தில் கிடையாது, மிஷின் யாருடைய வயிற்றையோ காட்டுகிறது என்று வாதாடினார்.

நீங்கள் இருவரும் சொந்தமா என்று மருத்துவர் கேட்டார்.

"சொந்தந்தான் டாக்டர்" என்றார் தையலம்மாள். "எங்கப்பா கூடப் பொறந்த அக்காதான் இவரு அம்மா. இவரே ஏம்பலத்து வூட்லதான் பொறந்தாரு."

மருத்துவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த செவிலியர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தன் விஷயத்தில் மட்டும் அப்பன் வழி ஒன்றே வம்சம் என்று இருந்துவிட்டவர், தன் அம்மாவுக்கும் ஒரு பிறந்த வீடு உண்டு என்பதை அப்போதுதான் யோசித்தார். பிறகு, "எங்கம்மாவுக்கு ஒரு நாளும் வயித்து வலி வந்ததில்ல" என்றார், குரல் இறங்கி.

"வந்துச்சு மாமா. வாய்வுன்னு சோடா வாங்கிக் குடுத்தது நீதான்."

"எப்ப எடுப்பீங்க?" என்று சிங்காரவேலு மருத்துவரைக் கேட்டார். நாளைக் காலை என்றதும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, நடைவழியில் கிடந்த பெஞ்சின் நடுவே உட்கார்ந்தார். தையலம்மாள் பையோடு பக்கத்தில் நின்றார். சிங்காரவேலு ஓரத்துக்கு நகர்ந்தார். தோள்துண்டை எடுத்து, காலியான இடத்தை இரண்டு தட்டுத் தட்டித் துடைத்துவிட்டார்.