வளப்பூரும் வாழவந்தியும் ஒரே டேப்பில்

‘தப்பு பூரா ஜாகிரோடது. கீழ கடையில உக்காந்துகிட்டு மலை பஸ்ஸுக்கு நேரம் எழுதினா இப்படித்தான் ஆகும்.’

எழுதியது நான்தான். போன வாரம், எங்கள் பஸ் நேர வாட்ஸ்அப் குரூப்பில், மலையில் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்க்க. இன்னும் அழிக்கவில்லை. அழித்தால் அது இன்னும் கேவலம்.

விஷயம் இதுதான். கொல்லிமலை பஸ் நேரங்களைப் போட ஒரு சின்ன வெப்சைட் வைத்திருக்கிறோம். நான் மலைமேல் செம்மேட்டில் இருந்து பார்க்கிறேன். ஜாகிர் அடிவாரத்து டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன். என்னை அக்கா என்பான். இரண்டு பேரும் ஒரே ஃபைலில் கை வைத்தால் குழப்பம் வருமே... அதற்குத்தான் கிட் என்கிற சாஃப்ட்வேர். யார், எதை, எப்போது மாற்றினார்கள் என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு நாட்டுக்கும் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு கிளை. கிளை என்றால் தனியாக வைத்துத் திருத்துகிற நகல். திருத்தி, சரிபார்த்து, மெயின் என்கிற மூல நகலோடு சேர்த்து ஏற்றினால் சைட்டில் வந்துவிடும்.

எல்லாம் டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் டைப் அடித்துச் செய்கிற வேலை. எனக்கோ விரல் தடுமாறும். ஒவ்வொரு தடவையும் எழுத்துப் பிழை, ஒவ்வொரு தடவையும் எரர். ஜாகிரிடம் கத்தினேன். பாதி அடித்து டேப் கீயைத் தட்டினால் மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொள்கிற வசதி இருக்கிறது என்றான். ஒரு ஃபைலை இறக்கி வைக்க வேண்டும், டெர்மினல் திறக்கும்போது படிக்கிற செட்டிங் ஃபைலில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். போனிலேயே சொல்லிக்கொடுத்தான்.

நன்றாகவே வேலை செய்தது. ஒரு இடத்தைத் தவிர.

தமிழில் எழுதினால் வளப்பூர் வேறு, வாழவந்தி வேறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் குழப்பாது. ஆனால் நாங்கள் கிளைகளுக்கு இங்கிலீஷில் பெயர் வைத்திருந்தோம் — பஸ் போர்டில் இருக்கிறபடி. அங்கே ளகரமும் இல்லை, ழகரமும் இல்லை. இரண்டுமே வி-ஏ-எல்-ஏ. அதுவரை அடித்து டேப்பைத் தட்டினால் நகராது. நிற்கும். எது வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும்.

எனக்கு நிற்பது பிடிக்காது. ஜாகிரிடம் சொன்னேன்.

“நிக்கட்டுங்க்கா. இன்னொருக்கா தட்டுனீங்கன்னா ரெண்டு பேரையும் காட்டும், பாத்து அடிங்க” என்றான்.

கேட்டேனா? இன்டர்நெட்டில் தேடி இன்னொரு வரியைப் பிடித்துப் போட்டேன். அதைப் போட்டால் டேப் நிற்காது. பொருந்துகிற பெயர்களில் முதலில் வருவதை முழுசாக நிரப்பிவிடும். ஆங்கில அகர வரிசையில் எது முதலில்? வளப்பூர்.

அந்த வாரம் வளப்பூரின் ஆறரை மணி பஸ் நேரம் மாறப்போவதாக ஒரு பேச்சு. ஜாகிர் ஏழு மணி என்று கிளையில் எழுதிவைத்துவிட்டு, கண்டக்டரைக் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை சேர்க்காதீர்கள் என்று சொல்லியிருந்தான். நான் சேர்க்க உட்கார்ந்தது வாழவந்தியை. வி-ஏ-எல்-ஏ, டேப், என்டர். திரையில் என்ன வந்தது என்று படிக்காமல் ஏற்றிவிட்டு, லேப்டாப்பை மூடினேன்.

மறுநாள் காலை வளப்பூர் நாட்டு சின்னப்பொண்ணு அக்காவின் குரல் குரூப்பில் வந்தது. மாசமாக இருக்கிற மகளை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு நின்றாராம். டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் கீழே வருவார். “ஏனுங்க, செல்லுல ஏழுன்னு போட்டிருக்குது. பஸ்ஸு ஆறரைக்கே போயிருச்சுங்களாமா. இனி நாங்க என்னங்க பண்றது?”

மேலே நீங்கள் படித்த வரியை அப்போதுதான் எழுதினேன். ஏழு என்று எழுதியது ஜாகிர். எனக்கு அது போதும்.

குரூப்புக்கும் அது போதும். மிளகு வியாபாரம் பண்ணுகிற தங்கராசு அண்ணன் ஆரம்பித்தார்: “மலை ஏறுனா மூச்சு வாங்கறவனுக்கு மலை பஸ்ஸப் பத்தி என்னங்க தெரியும்?” கூடச் சிரித்தவர்கள் நிறைய. நம்ம ஆள் இல்லாதவனிடம் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்றுகூட ஒருவர் எழுதினார். நம்ம ஆள்! அந்தக் கதவைத் திறந்துவிட்டது நான்.

ஜாகிர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் எனக்குக் கோபம். முகத்தில் அடிக்க ஆதாரம் எடுக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். மேல் அம்புக்குறியைத் தட்டினால் நாம் கடைசியாக அடித்தது திரும்ப வரும். ஒரு தட்டு... சைட்டுக்கு ஏற்றியது. இன்னொரு தட்டு... சேர்த்தது. பக்கத்தில் வளப்பூர்.

என் மெஷின். என் விரல்.

டேப்பைத் திட்டி என்ன பயன்? அது நான் கேட்டபடிதான் நடந்தது. தப்பு யாருடையது என்பதற்கும் இரண்டு பெயர் பொருந்தியது. நான் முதலில் வந்த பெயரை நிரப்பி என்டர் தட்டினேன்.

சின்னப்பொண்ணு அக்கா வீட்டுக்கு நேரில் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “ஆரு தப்பா இருந்தா எனக்கென்னங்க, ரோட்டுல நின்னது நாங்கதானுங்க” என்றார். பிறகு, “அந்தத் தம்பி அன்னிக்கே போன் பண்ணி வேன் அனுப்பட்டுமான்னு கேட்டுதுங்க. டாக்டர் போயிருப்பாருன்னு நாந்தான் வேண்டான்னுட்டேன்” என்றார். நான் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. மகள் ஸ்கேன் எடுத்தது இந்த வாரம்தான். பிள்ளை நன்றாக இருக்கிறது. அதில் என் புண்ணியம் ஒன்றும் இல்லை.

அந்தக் கூடுதல் வரியை அழித்துவிட்டேன். இப்போது டேப் நிற்கிறது. குரூப்பில் மன்னிப்பும் கேட்டேன் — என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் எழுதி. அதற்கு வந்தது சில கட்டைவிரல் படங்கள். தங்கராசு அண்ணனுடையதும் அதில் ஒன்று. ஜாகிரிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ்: “விடுங்க்கா.” குரூப்பிலேயே பேசேன்டா என்று போன் பண்ணிக் கேட்டேன்.

“நான் அங்க வாயத் தெறந்தா, கீழ இருக்கறவன் திமிராப் பேசறான்னு ஆயிரும்க்கா. கடை நடத்தணும்ல?”

போனை வைத்துவிட்டு இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன்.

அதனால் அவனிடம் கேட்கவில்லை, உங்களிடம் கேட்கிறேன். தங்கராசு அண்ணா, கூடச் சிரித்தவர்களே, நம்ம ஆள் கணக்குப் பார்த்தவரே — நீங்கள் எல்லோரும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள், எனக்குத் தெரியும். எனக்குக் கட்டைவிரல் வேண்டாம். ஜாகிரைச் சொன்னது தப்பா, இல்லையா? அதே குரூப்பில், எல்லோரும் பார்க்கப் பதில் சொல்லுங்கள்.

அவன் பெயரை முழுசாக டைப் பண்ணிச் சொல்லுங்கள்.